கம்பஸ் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பவை: ஒழுக்க விதிகள், பகிடிவதை, விடுதி, பரீட்சை

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வெட்டு வெளியானதும் எங்கள் பக்கத்தில், ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பசறை எங்கும், யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கம்பஸ் என்ற பேச்சுத்தான் ஓடும். அது அடங்குவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும்: அங்கே எப்படி இருக்கணும், யாருக்கு அடங்கணும், எதற்குப் பயப்படணும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊரில் ஆசிரியராக இருப்பதால் அந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட எழுதிவிடுவது லேசு.

கேள்விகளை, கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். பேராதனையையும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். சின்னச் சின்ன விதிகள் பீடத்துக்குப் பீடம் மாறும்.

கம்பஸ்ல ரூல்ஸ் எல்லாம் எங்க எழுதி வச்சிருக்காங்க? யாருமே காட்ட மாட்டேங்குறாங்களே?

காட்டத்தான் செய்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. மாணவர் கையேடு, பரீட்சை விதிகள், விடுதியில் சேரும்போது கையெழுத்து வாங்கும் படிவம், இந்த மூன்றிலும் முக்கால்வாசி இருக்கும். பதிவு நாளில் கட்டுக்கட்டாக நீட்டும் தாள்களில், பகிடிவதையில், அதாவது ராகிங்கில், ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியும் ஒன்றாக இருக்கலாம். கையெழுத்து போடும் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இவற்றுக்கு மேலே நாட்டுச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் இயங்குவது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ். பகிடிவதைக்கென்றே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. "கேட்டுக்கு உள்ளே பொலிஸ் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சீனியர்ஸ் சொல்றதும் ரூல்ஸ்தானா? நீளப் பாவாடை, ரெண்டு பின்னல், இந்தக் கென்டினுக்குப் போகாதே, அந்த வழியா நடக்காதேன்னு சொல்றாங்களாமே?

இல்லை. விதி என்றால் தாளில் இருக்கும், அதன் கீழே பதிவாளரோ பீடாதிபதியோ விடுதிப் பொறுப்பாளரோ கையெழுத்திட்டிருப்பார். தாளில் இல்லாதது ஒரு சிலரின் விருப்பம். விருப்பத்தை மதிப்பதும் மறுப்பதும் உங்கள் பாடு.

முதல் வாரத்திலேயே சீனியரின் முகத்துக்கு நேரே "தாளைக் காட்டுங்க" என்று கேட்கச் சொல்லவில்லை. மனதுக்குள் கேட்டுப் பாருங்கள், போதும். பயந்து கீழ்ப்படிவதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்தே பழகிய குடும்பங்களில் அந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். பொறுப்பான மாணவருக்கு எழுதிய விதி தெரிந்திருக்கும். எழுதாத அதிகாரத்துக்குப் பணிய வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பேர் கேக்கிறது, பாட்டுப் பாடச் சொல்றது எல்லாம் பகிடிவதையா? சும்மா ஜாலிக்குத்தானே?

பேர் கேட்பது பகிடிவதை இல்லை. பேர் சொன்ன பிறகு பத்துப் பேர் சுற்றி நின்று, கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல வைத்து, அழுதால் சிரிப்பது பகிடிவதை. உடலுக்கோ மனதுக்கோ காயத்தை, மன வேதனையை, பயத்தை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய எந்தச் செயலும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். "நான் கை வைக்கலையே" என்பது அங்கே பதிலாகாது. "முடியாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை எழுந்து போக முடிந்ததா என்று பாருங்கள், ஜாலியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 ஆண்டு வரை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லவும், குற்றவாளியான மாணவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இது அளவுக்கு மீறிய தண்டனை என்று நினைப்பவர்கள் பேராதனையின் கதையைக் கேட்க வேண்டும். 1975இல் பகிடிவதைக்குப் பயந்த ஒரு மாணவி விடுதி மாடியிலிருந்து குதித்தார். அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. 1997இல் பொறியியல் பீடத்தில் சேர்ந்த ஒரு தமிழ் மாணவர், பகிடிவதையில் செய்ய வைத்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது.

வெளியில, போர்டிங்ல, வாட்ஸப்ல நடந்தா கம்பஸுக்குச் சம்பந்தமில்லைங்கிறாங்களே?

சம்பந்தம் உண்டு. நிறுவனத்துக்கு உள்ளே ஆனாலும் வெளியே ஆனாலும் என்று சட்டமே சொல்கிறது. இப்போது பாதி பகிடிவதை ராத்திரி போனில்தான் நடக்கிறது. பத்து மணிக்குக் குரூப்பில் சேர்த்து, விடியும் வரை வீடியோ அழைப்பில் உட்கார வைக்கிறார்கள். அழைப்பு வந்த நேரமும் இலக்கமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்கள் போனில் மட்டும் வைக்காமல் வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். போனைப் பிடுங்கி அழிக்கச் சொல்வது வழக்கம்.

எங்க மகன் போன்ல சரியாவே பேச மாட்டேங்குறான் சார். கொழுந்து எடுக்கப் போற எங்களுக்கு யாரைத் தெரியும்? யாருகிட்டச் சொல்றது?

பீடத்தில் மாணவர் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர்கள் இருப்பார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர் யார் என்று மகனிடம் கேளுங்கள். அவருக்கு மேல் பீடாதிபதி, விடுதி என்றால் அதன் பொறுப்பாளர், பாதுகாப்புக்கு மார்ஷல். உள்ளே நம்பிக்கை இல்லாவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இணையவழியாக முறைப்பாடு எடுக்கிறது. பொலிஸ் நிலையமும் இருக்கிறது. பெற்றோரும் முறையிடலாம்.

"ரொம்பக் கொடுமைப்படுத்துறாங்க" என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்காது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை இரவு 9.30. விடுதியின் பின்வாசல் படிக்கட்டு. நான்கு பேர். ஒருவர் மூன்றாம் வருடம், கார்ட் பேர் இன்னது. முழங்காலில் நிற்க வைத்தார்கள். 10.15க்கு விட்டார்கள். என்னோடு இன்னார் இருந்தார்." கார்ட் பேர் என்பது சீனியர்கள் சூட்டும் பட்டப்பேர். உண்மைப் பேர் தெரியாவிட்டால் அதையே எழுதலாம்.

அடி பட்டிருந்தால் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ அன்றைக்கே போய், காரணத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். "படியில விழுந்தேன்" என்று சொன்னால் அதுதான் பதிவில் நிற்கும். அம்மாமாருக்கு ஒரு வார்த்தை: "பொறுத்துக்கப்பா, எல்லாரும் பட்டதுதானே" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளை அதற்குப் பிறகு உங்களிடம் வாய் திறக்கமாட்டான்.

சொன்னா 'அல'ன்னு ஒதுக்கிருவாங்களே? நோட்ஸ் தரமாட்டாங்க, சாப்பிடக்கூடச் சேர்க்கமாட்டாங்க?

பகிடிவதைக்கு உடன்படாதவர்களைப் பேராதனையில் 'அல', அதாவது உருளைக்கிழங்கு என்பார்கள். ஒதுக்கல் நடக்கும். நடக்காது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதல் மூன்று நான்கு மாதம் கஷ்டம். அப்படி ஒதுங்கியவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துச் சேர்ந்து படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நோட்ஸ் விரிவுரையிலும் நூலகத்திலும் கிடைக்கும், சீனியர் தருவது ஒரு வசதி மட்டும்தான். மிரட்டல் வந்தால் அது தனிக் குற்றம். மேலே சொன்னபடி அதையும் நேரம் போட்டு எழுதி வையுங்கள்.

நம்ம ஊர் அண்ணன்மாரே செய்றாங்க. "சிங்களப் பசங்ககிட்ட மாட்டாம நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாங்க. அவங்களை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான கேள்வி. மொழி தெரியாத இடத்தில் இறங்கி நிற்கும் பிள்ளைக்கு, ஹட்டன் பஸ்ஸில் கூடவே வந்த அண்ணன் கடவுள் மாதிரி. போர்டிங் தேடிக் கொடுப்பார், மகாபொல உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார், வெள்ளிக்கிழமை குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குக் கூட்டிப் போவார். இவ்வளவும் நல்லது, தேவையும்கூட. அதே அண்ணன் அன்று ராத்திரி அறைக்கு வரச் சொல்லி வரிசையில் நிற்க வைத்தால், பகலில் செய்த உதவிக்கு வட்டி வாங்குகிறார் என்றுதான் அர்த்தம்.

சட்டம் யார் எந்த மொழி பேசினார் என்று கேட்பதில்லை. "நம்ம ஆளை மாட்டிவிட்டா நம்ம சமூகத்துக்குத்தான் கெட்ட பேர்" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை கம்பஸை விட்டு ஓடிவந்தால் அந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த பிள்ளையை அனுப்பவே யோசிப்பார்கள். அந்தக் கணக்கையும் பெரியவர்கள் போட்டுப் பார்க்கட்டும். முதலில், அந்த அண்ணன் மதிக்கும் ஒருவரிடம், பழைய மாணவரிடமோ தமிழ் விரிவுரையாளரிடமோ, சொல்லிப் பார்க்கலாம். சொன்ன பிறகும் தொடர்ந்தால் முறைப்பாடுதான்.

"நீ கோட்டாவுல வந்த ஆள்தானே"ன்னு கிண்டல் பண்றாங்க. என்ன சொல்றது?

பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அனைத்திலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு என்று அனுமதி பிரிக்கப்படுகிறது. அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, அம்பாந்தோட்டையும் அனுராதபுரமும் இருக்கின்றன. கிண்டல் செய்கிறவரே பெரும்பாலும் மாவட்ட 55இல் வந்தவராக இருப்பார். சிரித்துக்கொண்டே அதைக் கேளுங்கள்.

ஹொஸ்டல்ல ஹீட்டர், ரைஸ் குக்கர் வச்சா என்ன தப்பு? குளிர்ல பச்சத் தண்ணில குளிக்க முடியுமா?

வாளிக்குள் போடும் சுருள் ஹீட்டர்தான் விடுதிகளில் பெரிய தலைவலி. பழைய கட்டடம், பழைய வயர். ஒரே பிளக்கில் மல்டிபிளக், அதில் ஹீட்டர், அயர்ன், இரண்டு சார்ஜர். ட்ரிப் ஆனால் அந்த வரிசை முழுக்க இருட்டு, பரீட்சைக் காலமானால் கேட்கவே வேண்டாம். ஈரத் தரையில் நின்று வாளியில் கை விட்டால் உயிருக்கே ஆபத்து. அனுமதியில்லாத மின்சாதனத்தைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் விடுதி விதிகள் இடம் கொடுக்கும். வெந்நீர் தேவையென்றால் மாணவர்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள், கேட்காமல் கிடைக்காது.

பேராதனைக்கு மட்டும் ஒரு சொல்: சன்னலைத் திறந்து போட்டுப் போகாதீர்கள், மிச்சச் சாப்பாட்டை வெளியே எறியாதீர்கள். குரங்கு வந்தால் உங்கள் பாண் மட்டுமல்ல, அறைத் தோழியின் ஒப்படையும் (அசைன்மென்ட்) சேர்ந்து போகும்.

80 சதவீதம் வரவு வேணுமாமே? கூட்டாளிக்காக நான் சைன் போட்டுவிட்டா யாருக்கு நஷ்டம்?

பல பீடங்களில் 80 சதவீதம் வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடுத்தவருக்காகக் கையெழுத்து போடுவது ஏமாற்று. மாட்டினால் இரண்டு பேருக்கும் நடவடிக்கை. தலைகளை எண்ணிப் பார்க்க விரிவுரையாளருக்கு ஒரு நிமிடம் போதும்.

குப்பி வைக்கிறதும் பார்த்து எழுதுறதும் ஒண்ணா?

குப்பி என்பது பரீட்சைக்கு முன் தெரிந்த மாணவர் தெரியாதவருக்கு நடத்தும் வகுப்பு. கம்பஸில் எனக்குப் பிடித்த வழக்கம் அதுதான். தாராளமாக வையுங்கள்.

மண்டபத்துக்குள் கதை வேறு. எழுதிய துண்டு, போன், கையில் கிறுக்கிய சூத்திரம், எதுவும் கூடாது. "வச்சிருந்தேன், பார்க்கலை" என்று சொல்லித் தப்ப முடியாது, வைத்திருப்பதே குற்றம். பாடம் ரத்தாகலாம், சில பருவங்களுக்குப் பரீட்சைத் தடையும் வரலாம். மீள எழுதினால் பொதுவாக 'சி' தரத்துக்கு மேல் கிடைக்காது. வகுப்புச் சித்தி (கிளாஸ்) எதிர்பார்க்கிறவருக்கு அது பேரிடி.

ஒப்படையை சாட்ஜிபிடில செஞ்சா கண்டுபிடிப்பாங்களா?

விரிவுரையாளர் அனுமதித்தாரா என்று முதலில் கேளுங்கள். சிலர் அனுமதிக்கிறார்கள், சிலர் முழுக்கத் தடுக்கிறார்கள், சிலர் பயன்படுத்தியதைக் குறிப்பிடச் சொல்கிறார்கள். மென்பொருள் கண்டுபிடிக்கிறதோ இல்லையோ, "இந்தப் பந்தியை விளக்குங்க" என்று நேரில் கேட்டால் தெரிந்துவிடும்.

பரீட்சை நேரத்துல காய்ச்சல் வந்தா, வீட்ல செத்துப் போனா?

காய்ச்சலோடு போய் எழுதிவிட்டுப் பிறகு மருத்துவச் சான்றிதழ் கொடுப்பது வேலைக்காகாது. எழுத முடியாவிட்டால் அன்றே பல்கலைக்கழக மருத்துவ அதிகாரிக்குத் தெரிவித்து, குறித்த நாட்களுக்குள் சான்றிதழ் கொடுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்காகும், மேலே சொன்ன 'சி' வரம்பு உங்களைத் தொடாது.

மரணம் என்றால் பீடாதிபதி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுக் கிளம்புங்கள். மரணச் சான்றிதழின் பிரதியைப் பிறகு சேர்க்கலாம். கருமாதி முடியும் வரை ஒன்றும் சொல்லாமல் ஊரிலேயே இருந்துவிட்டு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்ணி, சிகரெட்?

விடுதிக்குள் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், முதலாம் வருடத்தில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது. ஐஸ், கஞ்சா என்றால் விடுதிப் பொறுப்பாளரோடு முடியாது, நேரே பொலிஸ்.

பொம்பளப் புள்ளைங்க பசங்களோட பேசிட்டு நின்னா கம்பஸ்ல நடவடிக்கை எடுப்பாங்களா?

எடுக்கமாட்டார்கள். அவர்கள் 18 கடந்தவர்கள். விருப்பமில்லாதவரைப் பின்தொடர்வது, தொடுவது, படத்தைப் பரப்புவது, இவற்றுக்குத்தான் நடவடிக்கை.

எனக்குச் சிங்களம் எழுத வராது, இங்கிலீசும் சுமார். தமிழ்ல முறைப்பாடு குடுக்கலாமா?

கொடுக்கலாம். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். மலையகத்தில் இருந்தாலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. நடைமுறையில், வேகமாக வேலை நடக்க ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தையும் இணைப்பது புத்திசாலித்தனம். தமிழ்ப் பிரதிதான் மூலம் என்று அதில் ஒரு வரி எழுதுங்கள்.

போராட்டத்துக்கு வரணும்னு கட்டாயப்படுத்துறாங்க. போனா தப்பா, போகாட்டா தப்பா?

இரண்டும் தப்பில்லை. அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. இலவசக் கல்விக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியதால் கிடைத்தவையும் உண்டு. போகாமலிருப்பதும் உங்கள் உரிமை. வரவு எடுத்து, வராதவரை ராத்திரி விசாரித்தால் அது பழைய பகிடிவதைதான்.

போகிறவர்கள் ஓர் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியை அறைக்குள் வைத்துப் பூட்டுவது, கட்டடத்தைப் பலவந்தமாகப் பிடிப்பது, பொருளை உடைப்பது ஆகிய மூன்றும் அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றங்கள். சொத்துச் சேதத்துக்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. பகிடிவதைச் சட்டம்தானே என்று இதைப் பலர் கவனிப்பதில்லை.

நான் ஒண்ணும் செய்யல, பக்கத்துல நின்னு சிரிச்சேன் அவ்வளவுதான். இப்ப என் பேரும் முறைப்பாட்டுல இருக்கு. நியாயமா?

நியாயம்தான். செய்தவரையும் அதில் பங்குபற்றியவரையும் சட்டம் சேர்த்தே பிடிக்கிறது. சுற்றி நின்ற பத்துப் பேர் இல்லாவிட்டால் நடுவில் நின்றவன் அழுதிருக்க மாட்டான். இனி உங்களால் செய்யக்கூடியது, நடந்ததை உள்ளபடி சொல்வது. "ஒண்ணும் பார்க்கலை" என்று எல்லோரும் ஒரே வசனத்தை ஒப்பித்தால் விசாரிப்பவர்களுக்கு அது சொல்லிக் கொடுத்த பாடம் என்று உடனே விளங்கும்.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. என்ன செய்யணும்?

போங்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே முடிவெடுப்பார்கள். கடிதத்தில் எந்த விதியை மீறியதாக எழுதியிருக்கிறது என்று பார்த்து, முதல் பதிலில் சொன்ன படங்களில் அந்த விதியைத் தேடுங்கள். பொதுவாக முதலில் பூர்வாங்க விசாரணை நடக்கும், அதில் விஷயம் இருந்தால் குற்றப்பத்திரம் வரும். குற்றப்பத்திரத்துக்குத் தருகிற காலத்துக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்து போடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விசாரணை முடியும் வரை வகுப்புத் தடை விதிக்கலாம். அந்தக் காலத்தில் விடுதியும் மகாபொலவும் நின்றுபோக வாய்ப்புண்டு, ஆகவே வீட்டில் மறைக்காதீர்கள். தண்டனை அநியாயம் என்று பட்டால் பல்கலைக்கழகப் பேரவைக்கு (கவுன்சில்) மேன்முறையிடலாம், அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கோரலாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் குடும்ப வருமானத்தைக் காட்டி உதவி கேட்கலாம். போகும்போது சம்பளச் சிட்டையை மறக்காதீர்கள்.